கறிக்கோழியின் காலம்

கறிக்கோழியின் ஆயுள் ஏறக்குறைய 40 நாள். 40 கிராம் எடையோடு கொட்டகைக்கு வரும் குஞ்சு ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடுகிறது. அதற்குமேல் வைத்திருந்தால் தின்கிற தீவனத்துக்கு ஈடாக எடை ஏறாது. கால்கள் உடம்பைச் சுமக்கத் தடுமாறும். பங்குனி, சித்திரை வெயிலென்றால் கூரைக்குக் கீழே இறங்கும் வெக்கையில் கனத்த கோழிதான் முதலில் சாகும். ஆகவே பிடித்து வண்டியேற்ற வேண்டிய நாள் என்று ஒன்று ஒவ்வொரு மந்தைக்கும் உண்டு. அதை நாலைந்து நாள் தள்ளலாம், நாலைந்து வாரம் தள்ள முடியாது. அந்த நாளைக் கொட்டகைக்காரர் தனியாகக் குறித்ததும் இல்லை. குஞ்சு வருவதற்கு 21 நாள் முன்னால் பொரிப்பகத்தில் முட்டையை அடை வைத்தவரும், அந்த முட்டையை இட்ட தாய்க்கோழியைக் குஞ்சாக இறக்கி 25 வாரம் வளர்த்தவரும், அந்தத் தாய்க்கும் முந்தைய தலைமுறையைப் பேணியவரும் சேர்ந்து குறித்தது அது. இன்று கடைவாசலில் கூண்டுக்குள் நிற்கும் கோழிகளின் எண்ணிக்கை ஓராண்டுக்கும் முன்பே பெருமளவு முடிவாகிவிட்ட ஒன்று. வாங்க வருபவரின் முடிவோ வரும் வழியில்கூட மாறலாம். இந்த இரண்டு காலங்களும் ஒன்றையொன்று அறியாமலேயே பல ஆண்டுகள் ஒத்துப்போயிருந்தன. 2020 பிப்ரவரியில் அவை மோதிக்கொண்டன.

அந்த மாதம் வாட்ஸப் குழுக்களில் சுற்றிய செய்தி மிகச் சிறியது: கோழிக்கறி தின்றால் கொரோனா வரும். கூடவே நோயுற்ற கோழிகளின் படங்களும் வந்தன. வூகானில் உயிருள்ள விலங்குகளை விற்ற சந்தையைப் பற்றிய பேச்சு அப்போது வீட்டுக்கு வீடு இருந்ததால் செய்தி தன் பொருளைத் தானே தேடிக்கொண்டது. அது நம்பத் தகுந்ததாகத் தோன்ற இன்னொரு காரணமும் இருந்தது. கோழிகளுக்கென்று ஒரு கொரோனா வைரஸ் உண்மையிலேயே உண்டு. மூச்சுக்குழாய் அழற்சியைத் தரும் அந்த நோய் 1930களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் பதிவானது. அதற்கான தடுப்பு மருந்து உலகெங்கும் பண்ணைகளில் குஞ்சுகளுக்குத் தரப்படுகிறது. கால்நடை மருத்துவப் பாடநூல்களில் அந்த வைரஸின் குடும்பப் பெயர் அச்சாகியிருக்கிறது. அது மனிதரைத் தொற்றுவதில்லை. மனிதரிடம் பரவிய புதிய வைரஸ் கோழியின் உடலில் பெருகுவதில்லை என்பதைச் சீனாவின் ஹார்பின் நகரில் நடந்த சோதனை காட்டியது. அது ஏப்ரலில் சயின்ஸ் இதழில் வெளிவந்தது. கோழிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை என்று இந்திய அரசின் கால்நடைத் துறை பிப்ரவரியிலேயே எழுத்தில் சொல்லியிருந்தது. ஆனால் மார்ச் முதல் வாரம் கழியும்போது கோழிக்கோடு மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. இரண்டு நோய்களும் ஒரே அச்சமாகக் கலந்துபோயின. பண்ணைக் கொள்முதல் விலை, உற்பத்திச் செலவில் பாதிக்கும் கீழே இறங்கியது. கர்நாடகத்தில் குழிவெட்டிக் கோழிகளை உயிரோடு புதைத்த காட்சிகள், வதந்தி வந்த அதே கைப்பேசிகளுக்கு வந்து சேர்ந்தன.

தேவை சட்டென்று குறைவது இந்தச் சங்கிலிக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் புரட்டாசி பிறந்தால் பெருமாளுக்கு விரதம் இருக்கும் வீடுகளில் கறி நின்றுவிடும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்ட வீடுகளிலும் அப்படித்தான். லட்சக்கணக்கான குடும்பங்கள் ஒரே வாரத்தில் ஒரு பொருளை வாங்காமல் நிறுத்துவது என்பது, விரதம் என்ற பெயரை எடுத்துவிட்டுப் பார்த்தால், பெரிய சந்தை அதிர்ச்சி. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் அது அதிகச் சேதமின்றிக் கடந்துபோகிறது, ஏனென்றால் அது சொல்லிவிட்டு வருகிறது. புரட்டாசியில் பிடிக்கவேண்டிய கோழிக்கான முட்டை ஆடியில் அடை வைக்கப்படுகிறது. அங்கேயே எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். தீபாவளிக் கறிக்கான முட்டை, புரட்டாசி பிறக்குமுன்பே எந்திரத்துக்குள் போயாக வேண்டும். முட்டைக்கு 3 வாரம், கோழிக்கு 6 வாரம்: ஆக 9 வார முன்னறிவிப்பு இருந்தால் இந்தச் சங்கிலி எந்த வீழ்ச்சியையும் ஓரளவு தாங்கும். பல்லடத்திலும் நாமக்கல்லிலும் பஞ்சாங்கம் ஒரு வணிகக் கருவி. வதந்தி தரும் அவகாசம் சில மணி நேரம். புரட்டாசிக்கும் வதந்திக்கும் உள்ள வேறுபாடு வீழ்ச்சியின் அளவில் இல்லை, அந்த அவகாசத்தில் இருக்கிறது. தேவை எவ்வளவு குறையும் என்பதை ஊகிக்க வணிக ஆய்வில் எத்தனையோ மாதிரிகள் உண்டு. அது எவ்வளவு முன்னால் தெரியவரும் என்ற கேள்விக்கு அங்கே கிடைக்கும் இடம் சிறியது.

அவகாசம் இல்லாத செய்தி சங்கிலியின் மேல்நோக்கி ஏறும்போது பெருகுகிறது. இதை முதலில் கணக்காக்கிக் காட்டியவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய ஜே ஃபாரெஸ்டர். 1961இல் வெளிவந்த அவருடைய தொழில் இயக்கவியல் நூலில், சில்லறைக் கடையில் ஏற்படும் சிறு மாற்றம் மொத்த விற்பனையாளரைக் கடந்து ஆலைக்குப் போகும்போது எப்படி ஊதிப் பெரிதாகிறது என்பது வரைபடங்களாக இருக்கிறது. குழந்தைகள் நாள்தோறும் ஒரே அளவில் பயன்படுத்தும் அணையாடைக்குக்கூட ஆலையில் ஆர்டர்கள் தாறுமாறாக ஏறி இறங்குவதை ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் பின்னாளில் கண்டது. 1997இல் ஹாவ் லீயும் உடன் ஆய்வாளர்களும் இதன் காரணங்களை வகுத்து எழுதிய பிறகு சாட்டை விளைவு என்ற பெயர் நிலைத்தது: பிடி சிறிது அசைய, நுனி காற்றைக் கிழிக்கிறது. 2020இல் அந்த நுனி எங்கே இருந்தது என்று தேடினால் பீகாருக்குப் போகவேண்டியிருக்கிறது. இந்தியாவில் விளையும் மக்காச்சோளத்தின் பெரும்பங்கு கோழித் தீவனமாகிறது. பீகாரின் வடகிழக்கு மாவட்டங்களில் குளிர்காலச் சோளம் அறுவடையாகும் ஏப்ரல், மே மாதங்களில், குவிண்டாலுக்கு 1,760 ரூபாய் என்றிருந்த குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு வெகு கீழே சந்தை விலை கிடந்தது. பொது முடக்கமும் இதற்குக் காரணம். எது எவ்வளவு என்று பிரித்து அளக்க முடியாது. ஆனாலும் பூர்ணியாவில் சோளத்தைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர், எங்கோ ஒரு சமையலறையில் வந்து விழுந்த, அவருக்கு வராமலேயேகூடப் போயிருக்கக்கூடிய ஒரு குறுஞ்செய்திக்கும் சேர்த்து விலை கொடுத்தார் என்பதை மறுக்க முடியாது. அதன் பிறகு எதிர்த்திசை ஆட்டம் தொடங்கியது. விலை இல்லாததால் மார்ச்சில் குஞ்சு இறக்கவில்லை. அச்சம் தெளிந்து மே மாதம் மக்கள் கடைக்கு வந்தபோது கோழி இல்லை. விலை விறுவிறுவென்று ஏறியது. விலையைக் கண்டு உற்பத்தியைக் கூட்டுவதும், கூட்டியது சந்தைக்கு வரும்போது விலை சரிவதுமான இந்தச் சுழலை 1938இல் மொர்டிகாய் எஸக்கியேல் சிலந்திவலைத் தேற்றமாக விளக்கினார். அதில் விலையைக் கேட்டு உற்பத்தி நகர்கிறது. இங்கே விலைக்கும் முன்னால் ஒரு சொல் நகர்ந்திருக்கிறது.

வணிகப் பள்ளிகள் இத்தகைய குலைவுகளை மீள்திறன் என்ற தலைப்பில் படிக்கின்றன. அங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை 2000 மார்ச் 17ஆம் தேதி நியூமெக்சிகோவின் அல்புகர்க்கி நகரில் நடந்தது. பிலிப்ஸ் நிறுவனத்தின் சில்லு ஆலையில் மின்னல் தாக்கிப் பிடித்த தீ சில நிமிடங்களில் அணைக்கப்பட்டது. ஆனால் தூசியே கூடாத அறைகளுக்குள் புகை புகுந்துவிட்டதால் உற்பத்தி வாரக்கணக்கில் நின்றது. அந்தச் சில்லுகளை வாங்கிவந்த கைப்பேசி நிறுவனங்களில் நோக்கியா உடனே விழித்துக்கொண்டு மாற்று வழிகளைத் தேடியது. எரிக்ஸன் காத்திருந்து பெருநட்டம் அடைந்தது. யோசி ஷெஃபியின் 2005 நூல் உட்பட இத்துறையின் எழுத்து பெரும்பாலும் இந்த வகை நிகழ்வுகளின் மேல் எழுந்திருக்கிறது: தீ, பூகம்பம், வெள்ளம், துறைமுக முடக்கம். எல்லாவற்றிலும் பொருள் வருவது நிற்கிறது; வாங்குபவர் காத்திருக்கிறார். தரப்படும் மருந்துகளும் அதற்கேற்றவை. கையிருப்பைக் கூட்டு, இரண்டாவது வழங்குநரை வைத்துக்கொள், மாற்றுப் பாதையைத் தயாராக வை. 2020இன் கோழிக்கு இவற்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பொருள் நிறைந்து கிடந்தது, வாங்குபவர்தான் மறைந்துபோனார். உயிருள்ள கோழியைக் கையிருப்பாக வைத்தால் அது தின்றுகொண்டே இருக்கும். மீள்திறனுக்கான கையிருப்பே இங்கு நாளுக்கு நாள் கடனாக ஏறுகிறது. அறுத்து உறையவைக்கலாம் என்றால், இந்தியாவில் கறிக்கோழியின் பெரும்பகுதி உயிரோடு கடைக்குப் போய்க் கண்ணெதிரே அறுபடுவது. வாங்குபவர் அந்தப் புதுக்கறியைத்தான் நம்புகிறார், உறைந்த கறியைப் பழையதென்று ஒதுக்குகிறார். அவருடைய அந்த நம்பிக்கையில் தவறு காண முடியாது. ஆனால் கோழிக்குக் காத்திருக்கும் வசதி கிடைக்காமல் போனதில் அதற்கும் பங்கு உண்டு.

மறுபக்கத்தில், சமூக ஊடகங்கள் நுகர்வோரை எப்படிப் பாதிக்கின்றன என்ற ஆய்வு வேறொரு துறையாக வளர்ந்திருக்கிறது. அதன் வழக்கமான வடிவம் ஒரு வினாத்தாள். சில நூறு பேர், பெரும்பாலும் மாணவர்கள், ஒன்று முதல் ஐந்து வரையிலான எண்களில் தங்கள் மனநிலையைக் குறிக்கிறார்கள். அதிலிருந்து வாங்கும் நோக்கம் என்ற ஒரு அளவு பெறப்படுகிறது. வாங்காமல் விடும் நோக்கத்தை இந்த வினாத்தாள்களில் அதிகம் காண முடிவதில்லை. புகழ் பெற்ற முகங்களும் பெருங்கணக்குகளும் ஆராயப்படுகின்றன, குடும்பக் குழுவில் செய்தி அனுப்பும் பெரியப்பாவையும் சித்தியையும் ஆராய வழியில்லை. வாட்ஸப் செய்திகள் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே திறக்கும் மறைக்குறியீட்டில் போவதால், வெளியிலிருந்து எவரும் அவற்றை எண்ண முடியாது. அதனால் ஆய்வு பொதுவெளியில் தெரியும் ட்விட்டரைச் சுற்றியே குவிந்தது. அங்கே சில திடமான முடிவுகளும் கிடைத்தன. 2006 முதல் 2017 வரை ஏறக்குறைய 1,26,000 செய்திகள் பரவிய விதத்தைப் பார்த்த சொரூஷ் வோசூகி, டெப் ராய், சினான் ஆரல் ஆகியோர், பொய்ச் செய்தி மறுபகிரப்படும் வாய்ப்பு உண்மையைவிட 70 விழுக்காடு அதிகம் என்று 2018இல் எழுதினார்கள். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் தானியங்கிக் கணக்குகளைவிட மனிதர்களே என்றும் கண்டார்கள். இதற்கு வெகு முன்பே, 1955இல், எலிஹு காட்ஸும் பால் லாசர்ஸ்ஃபெல்டும் இல்லினாய் மாநிலத்தின் டெகேட்டர் என்ற சிறுநகரத்துப் பெண்களிடம் நடத்திய ஆய்வை வைத்து, கடைப்பொருள் முதல் திரைப்படம் வரை விளம்பரத்தைவிடத் தெரிந்த மனிதரின் சொல்லுக்கே எடை அதிகம் என்று காட்டியிருந்தார்கள். வாட்ஸப் வதந்தி இந்த இரண்டும் சேர்ந்த ஒன்று. வேகம் ஊடகத்தினுடையது. எடை உறவினருடையது.

அந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கறி வாங்காமல் விட்டவரை அறியாதவர் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது, அது நியாயமும் ஆகாது. 2020 பிப்ரவரியில் நோயைப் பற்றி மருத்துவர்களுக்கே கொஞ்சம்தான் தெரியும். வீட்டில் குழந்தையும் முதியவரும் இருக்கும் ஒரு பெண், ஒரு ஞாயிறு கோழிக்குப் பதில் மீன் குழம்பு வைத்தால் இழப்பது எதுவுமில்லை. செய்தி ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால் தவிர்ப்பதோ பெரிய ஆபத்து. அவருடைய கணக்கு சரியானது. அதை மற்றொருவருக்கு அனுப்பியதும் அக்கறையால்தான். ஒவ்வொரு வீட்டிலும் சரியாக இருந்த கணக்கு, கோடி வீடுகளில் கூடியபோது அழிவாக மாறியது. இதில் குற்றவாளி என்று ஒருவரைப் பிடிக்க முடியாததுதான் இந்த நிகழ்வில் ஆறாமல் உறுத்தும் பகுதி. அந்தப் பெண்ணுக்கும் கோழி வளர்ப்பவருக்கும் இடையே கடைக்காரர், வண்டிக்காரர், தரகர், நிறுவனம் என்று நாலைந்து கைகள் இருக்கின்றன. தான் கறி வாங்காத ஞாயிறு எந்தக் கொட்டகையில் போய் விழும் என்பதை அவர் அறிய வழியே இல்லை.

அது விழும் இடத்தைப் பார்க்கக் கறிக்கோழி வளர்ப்பின் ஒப்பந்தத்தைப் பார்க்கவேண்டும். 1990களில் உடுமலைப்பேட்டைப் பக்கம் வேர்விட்டுத் தென்னிந்தியா முழுவதும் பரவிய முறை இது. குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றை நிறுவனம் தருகிறது. கோழி நிறுவனத்தின் சொத்து. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், தரையில் பரப்பும் தேங்காய் நார்த்தூள், இரவும் பகலும் ஆன உழைப்பு ஆகியவை விவசாயியுடையவை. கோழியைப் பிடித்துப் போனதும் எடைக்கு இவ்வளவென்று வளர்ப்புக் கூலி கிடைக்கும். சந்தை விலை விழுந்தால் நட்டம் முதலில் நிறுவனத்தைச் சேர்கிறது. ஆந்திரத்தில் பாரத் ராமசாமி, பிரதாப் சிங் பிர்தல், பி.கே. ஜோஷி ஆகியோர் நடத்திய ஆய்வும், ஒப்பந்தம் விலை அபாயத்தின் பெரும்பகுதியை விவசாயியிடமிருந்து நிறுவனத்துக்கு மாற்றுகிறது என்றே சொல்கிறது. கொட்டகையும் கோழியும் தனதாகவே வைத்திருந்து 2020 மார்ச்சில் கோழியைப் புதைத்தவரோடு ஒப்பிட்டால் இதன் மதிப்பு விளங்கும். ஆனால் ஒப்பந்தம் காப்பது விலையிலிருந்து. காலத்திலிருந்து அது காப்பதில்லை. விலை விழுந்ததும் நிறுவனம் செய்யக்கூடிய முதல் காரியம் அடுத்த பேட்ச் குஞ்சைத் தள்ளிப்போடுவது. ஆண்டுக்கு ஐந்தாறு பேட்ச் எடுக்கவேண்டிய கொட்டகையில் இரண்டு பேட்ச்சுக்கு நடுவே சுண்ணாம்படித்து உலரவைக்கும் இரண்டு வாரம், இரண்டு மாதமாகலாம். கோழி இல்லாத நாளுக்குக் கூலி இல்லை. கொட்டகை கட்ட வாங்கிய வங்கிக் கடனுக்கு வட்டி உண்டு. கடையில் மறைந்த தேவை, பல படிகள் ஏறி, ஒரு கொட்டகையின் காலி நாட்களாக இப்படித்தான் வந்து சேர்கிறது.

மீள்திறன் என்ற கருத்து வணிகத்துக்கு வருமுன் சூழலியலில் இருந்தது. கனடாவைச் சேர்ந்த சி.எஸ். ஹோலிங் 1973இல் எழுதிய கட்டுரையில் அதன் இன்றைய பொருள் உருவானது. அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று கனடாவின் ஊசியிலைக் காடு. மொட்டுப்புழு பெருகும் ஆண்டுகளில் ஒரு வகை மரங்கள் கூட்டங்கூட்டமாகச் சாகின்றன. அந்த இடத்தில் இளங்கன்றுகள் எழுகின்றன. பெரும் ஏற்ற இறக்கங்களுக்கு நடுவிலும் காடு காடாகவே நீடிக்கிறது. நிலையற்ற ஒன்று உறுதியானதாக இருக்கலாம் என்ற அவருடைய கண்டறிதல் ஆழமானது. காட்டைப் பற்றி அப்படிச் சொல்லலாம். பட்டுப்போன மரத்துக்கு வட்டி கட்டவேண்டிய வீடு இல்லை. அதே கருத்தை வழங்கல் சங்கிலிக்குக் கொண்டுவரும்போது, இடையில் சாகும் மரங்களின் இடத்தில் மனிதர்கள் வந்து நிற்கிறார்கள். 2020 மே மாத விலையைப் பார்த்தால் கோழிச் சங்கிலி இரண்டே மாதத்தில் மீண்டுவிட்டது. ஆய்வுகள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவுகோல் அது: விற்பனையும் விலையும் பழைய மட்டத்துக்குத் திரும்ப ஆன நாட்கள். அந்தக் கணக்கில் 2020 ஒரு வெற்றிக் கதையாகக்கூட எழுதப்படலாம். மார்ச்சில் இருந்தவர்களும் மே மாதம் இருந்தவர்களும் ஒரே ஆட்கள்தானா என்ற கேள்வி அந்த அளவுகோலுக்குள் வருவதில்லை. விலை ஏறிய மே மாதத்தில் விற்கக் கோழி வைத்திருந்தவர், மார்ச்சிலும் தீவனம் வாங்கப் பணம் வைத்திருந்தவர். விழுந்த விலையின் நட்டம் ஒருவருக்கும் ஏறிய விலையின் லாபம் மற்றொருவருக்கும் போயிருக்கும்போது, இரண்டையும் கூட்டிச் சங்கிலி மீண்டது என்று எழுதுவதில் ஏதோ ஒன்று பொய்யாகிவிடுகிறது.

வதந்தியை எதிர்கொள்ள அன்று எடுத்த வழிகள் பலவிதம். 2020 பிப்ரவரி இறுதியில் ஹைதராபாத்தில் தெலங்கானா அமைச்சர்கள் மேடையிலேயே கோழிக்கறி தின்று காட்டினார்கள். செய்தி வந்த வழி உறவினருடையது, மறுப்பு வந்த வழி அரசினுடையது. டெகேட்டர் ஆய்வைப் படித்தவருக்கு இந்த இரண்டின் எடையும் ஒன்றாகாது என்பது தெரிந்திருக்கும். ஏப்ரல் 7ஆம் தேதி வாட்ஸப், பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று கட்டுப்படுத்தியது. அத்தகைய செய்திகளின் பரவல் 70 விழுக்காடு குறைந்ததாக நிறுவனமே அறிவித்தது. செய்தியின் காலத்தைச் சற்று நீட்டி, கோழியின் காலத்துக்கு அருகே கொண்டுவந்த ஏற்பாடு என்று இதைப் பார்க்கலாம். மறுப்புகளைவிட இது கூடுதல் பயனுள்ளது. ஆனால் அந்த விதி வந்தபோது கோழிகள் மண்ணுக்குள் போய்ப் பல நாள் ஆகியிருந்தது.

2021 ஜனவரியில் கேரளம், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், ஹரியானா மாநிலங்களில் பறவைக் காய்ச்சல் வந்தது. இம்முறை பரவிய செய்தியில் உண்மையும் இருந்தது. நன்றாக வெந்த கறியால் தொற்று வராது என்ற பாதியை மட்டும் அது விட்டுவிட்டது. டெல்லியின் காஜிப்பூர் கோழிச் சந்தை சில நாட்கள் மூடப்பட்டது, நோய் காணாத மாநிலங்களிலும் விற்பனை சரிந்தது. நோய்ப் பகுதியில் அழிக்கப்படும் பறவைகளுக்கு இழப்பீடு தர நடுவண், மாநில அரசுகளிடம் விதியும் விலைப்பட்டியலும் உண்டு. வாங்குபவர் இல்லாமல் அழிந்த கோழிக்கு அந்த விதிகளில் இடமில்லை. காலியாகக் கிடந்த கொட்டகைக்கும் இல்லை. ஆய்வாளர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. வேண்டிய தகவலும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் குஞ்சு இறங்கிய தேதி, நாள்தோறும் செத்தவை, தின்ற தீவன மூட்டை, கோழி பிடித்த தேதி ஆகியவற்றைக் குறித்துவைப்பது ஒப்பந்த வளர்ப்பில் அன்றாட வேலை. ஒரு பேட்ச் பிடித்த தேதிக்கும் அடுத்த பேட்ச் இறங்கிய தேதிக்கும் உள்ள இடைவெளியைச் சில நூறு கொட்டகைகளில், 2020க்கு முன்னும் பின்னும், அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அந்தச் சங்கிலி மீள எவ்வளவு நாள் ஆயிற்று, அந்த நாட்களை யார் தாங்கினார்கள் என்ற இரண்டுக்கும் ஒரே கணக்கில் விடை கிடைக்கும்.